நரைத்த நாய்

தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், காலை ஆறரை மணிக்கே சேசுராஜ் பைக்கை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். முதலில் பிளவக்கல் அணை, மத்தியானம் செண்பகத்தோப்பு, பொழுது சாய வீடு. அவனாகக் கூப்பிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் இப்படி எங்கும் கூப்பிட்டதில்லை. அதனாலேயே ஜாஸ்பினுக்கு மனம் ஒட்டவில்லை.

கோடையிலிருந்தே அவள் அவனைக் கவனித்துவருகிறாள். விருதுநகரில் மிளகாய்க் கமிஷன் கடையில் வேலை என்று திருத்தங்கலிலிருந்து தினமும் போய்வருகிறான். குடோனில் எலித் தொல்லை என்று நாய் புஸ்ஸுவையும் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துக் கொண்டுபோகிறான். சாயந்திரம் அங்கேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான். மிளகாய் நெடியோடு வீட்டுக்குள் வர முடியுமா என்று கேட்டான். நியாயம்தான். ஆனால் மிளகாய்க் கடை ஆள் ஒரு தடவையாவது தும்ம வேண்டும், கண்ணைக் கசக்க வேண்டும். இவன் தலையணையில் ஷாம்பு மணக்கிறது. வீட்டில் இருப்பது சீயக்காய்.

ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று ஜாஸ்பின் முடிவு கட்டியிருந்தாள். அது உறுதியானால் மறுநாளே நாசரேத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. யாரிடமும் சொல்லவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் மட்டும் லீவு கிடைக்குமா என்று கேட்டுவைத்திருந்தாள்.

தினமும் அவனோடு போகிற நாய்க்கு அந்த வீடு தெரிந்திருக்கும். புஸ்ஸுவும் வரட்டும் என்றாள். செண்பகத்தோப்பு வனத்துறை செக்போஸ்டில் நாயை விடமாட்டார்கள் என்று அவன் சொல்லிப்பார்த்தான். அப்படியென்றால் அணை மட்டும் போதும் என்றாள் அவள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சரி என்றான்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“புருசனும் பொண்டாட்டியும் போறீக. நடுவுல இது எதுக்குடி? பாரு, நாலு வயசு நாய்க்கு நரை விழுந்திருச்சு. ஓங்க வீட்டுச் சோறு அப்படி.”

“எலி அம்புடலைன்னு கவலைக்கா அதுக்கு,” என்றான் சேசுராஜ்.

மூவரும் சிரித்தார்கள். புஸ்ஸு கன்னங்கரேலென்று பிறந்த நாய். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் பதுங்கிவிடும். நமுத்த வெடி மாதிரி புஸ்ஸு என்று பெயர் வந்தது அதனால். கொஞ்ச நாளாக முகம், முதுகெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

சிவகாசி தாண்டினால் வரிசையாகப் பட்டாசுக் கம்பெனிகள். சீசன் முடிந்து கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. பட்டாசு வேலைப் பயம் மட்டும் ஜாஸ்பினுக்கு இப்போது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன், இவன் வேலை பார்த்த கம்பெனியில் வெடிமருந்துக் கலவை அறை வெடித்து இவனைத் தூக்கிவந்தபோது வார்டில் அவள்தான் டூட்டி. காது மடிப்பில் அப்பியிருந்த, மருந்தில் சேர்க்கும் அலுமினியத் தூளைப் பஞ்சால் துடைத்தெடுத்தவள் அவள். இனி மருந்தைத் தொடுவதில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான். வெந்த கையை வைத்துச் சொன்னான்.

எம். புதுப்பட்டி தாண்டி ஒரு வண்டிப்பாதை பிரிகிற இடத்தில் புஸ்ஸு டேங்க் மேல் எழுந்து நின்றது. முனகியது. வால் அவன் வயிற்றில் அடித்தது. குதிக்கப் பார்த்ததைக் கழுத்துப் பட்டையோடு பிடித்துக்கொண்டு அவன் வண்டியை முறுக்கினான்.

“இங்கன யாரு இருக்கா?” என்றாள்.

“எங்கன?”

“புஸ்ஸு பாக்குதுல்ல.”

“முசலு ஓடியிருக்கும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். சீமைக் கருவேலங்காடு. உள்ளே தள்ளி நீலத் தார்ப்பாய் ஒன்று தெரிந்தது. பாதை முனையில் உடைந்த பாலம். அடையாளம் வைத்துக்கொண்டாள். நாளைக்குப் பஸ் ஏறித் தனியாக வந்து, அந்தப் பொம்பளை முகத்தைப் பார்த்துவிடுவது.

திருத்தங்கலில் இன்னும் மழை இறங்கவில்லை. மலையில் பெய்திருந்தது. அணையில் பாதிக்கு மேல் தண்ணீர். மேகம் மலையின் இடுப்பில் கிடந்தது. கால்வாய்க் கரையில் புளிய மரத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். துவையல் நன்றாக இருக்கிறது என்றான். காற்று நன்றாக இருக்கிறது என்றான். இவ்வளவு பேசுகிறவன் இல்லை அவன். அவள் வாய் மென்றதே தவிர ருசி தெரியவில்லை.

நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கால்வாய்ப் படிக்கட்டில் இறங்கியது.

“ஏலே, தண்ணில எறங்காத!”

அவன் எழுந்தே விட்டான். மடியிலிருந்த இட்லி மண்ணில் விழுந்தது.

வெயிலில் வந்த நாய் தண்ணீரில் இறங்கினால் என்ன? சங்கிலி ஜாஸ்பின் கையில் இருந்தது. அவள் அதை விட்டுவிட்டாள்.

புஸ்ஸு குதித்தது. ஒரு முழுக்குப் போட்டது. அது நீந்திய வழியெல்லாம் தண்ணீர் மேல் வெள்ளியாக ஒரு ஏடு படர்ந்து மினுங்கியது. கரையேறி உதறி நின்றபோது நாய் கன்னங்கரேலென்று இருந்தது.

அவள் இறங்கிப்போய் அதன் காதைப் புரட்டினாள். மடிப்பில் விரலை விட்டுத் துடைத்தாள். விரல் நுனி வெள்ளியாக வந்தது. ஒவ்வொரு சாயந்திரமும் தலைமுடி, காது, நகக்கண் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறான். நாயைக் கழுவ மறந்துவிட்டான்.

படிக்கட்டின் மேலிருந்தே சொன்னான். மிளகாய்க் கடையில் பத்து நாள்தான் வைத்திருந்தார்கள். இந்தக் கை மூட்டை தூக்க வணங்கவில்லை. இப்போது மருந்து கலக்கும் தார்ப்பாய்க் கொட்டகைக்கு லைசன்ஸ் கிடையாது. போலீஸ் ஜீப் வந்தால் குரைத்துக் காட்டத்தான் நாய். தீபாவளி லோடு போய்விட்டது. அந்த நிம்மதியில்தான் அவளை வெளியே கூட்டிவந்தான். கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு ஆர்டர் இருக்கிறது. அதோடு விட்டுவிடுவான்.

அவள் விரலைச் சேலையில் துடைத்தாள். வெள்ளி போகவில்லை. நாய் அவள் காலடியில் வந்து படுத்தது.

“ஒரு பொம்பளையா இருந்திருக்கக் கூடாதா?” என்றாள்.