திருப்பிப் போட்ட கொடி

அச்சுக்காரி செய்து வைத்த காரியத்தைக் கேளுங்கள். தெரு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். ரப்பர்ப் பலகையில் இலையும் பூவும் செதுக்கி, சாயம் தடவித் துணியில் அழுத்தி, மேலே பாசிமணி தைப்பவள். அவள் வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில், அச்சு மாதிரிக்கு உதிர்ந்த இலைகளைப் பொறுக்கியதைப் பார்த்து, "உதிர்ந்தது எதுக்கும்மா, வேணுங்கிறதப் பறிச்சுக்க" என்று எதிர்ப் பூங்காவைத் திறந்துவிட்டவர் அங்கிருந்த தோட்டக்காரர். அந்த மகராசனுக்கு இன்று சாயங்காலம் வழியனுப்பு விழா. அவர் வளர்த்த ஊதாப்பூக் கொடியையே துணியில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அங்கேதான் கோட்டை விட்டாள். பலகையில் இருப்பது துணியில் இடம்வலம் மாறி விழும். அதனால் எப்போதும் தாளில் வரைந்து, திருப்பிப் போட்டுத்தான் செதுக்குவாள். இந்த முறை ஆசை கண்ணை மறைத்தது. கொடிக்கு முன்னால் உட்கார்ந்து நேரே பலகையில் வரைந்துவிட்டாள். மணியெல்லாம் தைத்து, மத்தியானம் ஜன்னலில் தொங்கவிட்டபோதுதான் உறைத்தது. எதிரே பூங்கா வாசலில் அசல் கொடி வலப்பக்கம் சாய்ந்து சுற்றி ஏறுகிறது. துணியிலோ இடப்பக்கம்.

"போச்சு அண்ணி! தினம் அந்தக் கொடியச் சுத்திவிட்ட கை அவரோடது. பாத்ததுமே தெரிஞ்சிடும்."

அண்ணி என்றால் கணவனின் அக்கா. பாசிமணி வேலையைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று வாய் ஓயாமல் சொல்பவள். இவள் மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டர். இன்றைக்கு வறுத்தெடுக்கப் போகிறாள் என்று அச்சுக்காரி தலை குனிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் துணியைக் கழற்றித் திருப்பினாள். மெல்லிய பருத்தி, சாயம் மறுபக்கமும் ஊறி, சற்றே வெளிறி, இளவெயில் பட்ட இலைபோல் இருந்தது. கொடி வலப்பக்கம் ஏறியது.

"இதுல என்ன குறைச்சல்?"

"மணியெல்லாம் அந்தப் பக்கம்ல இருக்கு!"

"பிரிச்சுத் தைக்கணும். நீ அழுதா அது தானா வந்து உக்காருமா? ஊசியக் குடு."

இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கி, விரலில் குத்திக்கொண்டு, கைதவறி ஓடிய ஒவ்வொரு மணியையும் திட்டித் தீர்த்தாள். பிறகு ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைத்தாள்.

"எப்படித்தான் தினமும் இதோட மல்லாடுறியோ," என்றாள் தலை நிமிராமல். "லேசுப்பட்ட வேலை இல்லடி."

அச்சுக்காரி அடுத்த ஊசியில் நூல் கோத்து அவளிடம் நீட்டினாள்.

சாயங்காலம் தோட்டக்காரர் துணியை விரித்து, கொடியின் அடியில் விரல் வைத்து, சுற்றிச் சுற்றி நுனிவரை போனார்.

"நம்ம வாசல் கொடியேதான்!" அவர் கண் கலங்கியது. "எனக்காக இவ்வளவு செஞ்சிருக்கியேம்மா. ரொம்ப நன்றி."

"நான்தான் உங்களுக்குச் சொல்லணும் ஐயா. நீங்க கதவத் திறக்கலேன்னா நான் ஏது?" என்றவள், கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கி நின்றவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள். "இவங்க இல்லேன்னா இன்னிக்கு இந்தத் துணியும் ஏது? எங்க அண்ணி."

ஊரையே வாயடைக்க வைக்கிறவள் துணியின் ஓரத்தைத் தடவினாள்.

"கீழ ரெண்டு மணி கொஞ்சம் கோணலா இருக்கும்," என்றாள் கடைசியில். "அது நான் தைச்சது."