வாங்க சாமி

சாமுவேலுக்கு ஜெபம் செய்ய வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. இதை அவனுக்கு ஆகாதவர்கள் யாரும் சொல்லவில்லை, அவன் பெற்ற மகள் இனியா சொன்னது. பெருந்துறையில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் பொழுது சாய்ந்ததும் பாய் விரித்து எல்லோரும் உட்காருவார்கள். "வாரும் ஆண்டவரே, எங்கள் நடுவில் எழுந்தருளும்" என்று சாமுவேல் ஆரம்பிப்பான். பிறகு நோயாளிகள், பிரயாணம் போகிறவர்கள், நாட்டை ஆள்கிறவர்கள், சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் கூட்டிக்கொண்டு கிளம்புவான். ஆமென் வந்து சேருவதற்குள் இனியா சுவரில் இருக்கும் பல்லிகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடித்திருப்பாள்.

அடுத்த வீட்டு உம்மல் குல்சும் அக்காவுக்கும் இவர்களுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். ஜெபம் நடக்கும்போது டிவி போட்டால் மரியாதையில்லை என்று அவர் காத்திருப்பார். நாடகத்துக்கு நேரமாகிவிட்டால் மட்டும் சுவரைத் தட்டி, "தம்பி, ஜெபம் முடிஞ்சுதுங்களா? டிவி போட்டுக்கட்டுங்களா?" என்பார்.

சாமுவேலின் அப்பா வெள்ளகோவில் பக்கம் அடுத்தவர் தோட்டங்காட்டில் கூலி வேலை பார்த்து முதுகு வளைந்தவர். யாராவது கேட்டால் ஒழிய வாய் திறக்காதவர். அவருடைய மகன் மில்லில் எலக்ட்ரீசியன் ஆனான். சபையில் எழுந்து நின்று ஜெபிக்கிறவனும் ஆனான். யாரிடமும் உத்தரவு கேட்காமல் ஆண்டவரிடம் நேராகப் பேசலாம் என்று சின்ன வயதில் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்குச் சொற்கள்மேல் ஒரு பசி. அப்பா பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இவன் பேசினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் பேசாத பிள்ளை பிறந்தது.

பையனுக்கு ஏனோக்கு என்று பெயர். வேதத்தில் தேவனோடு நடந்தவர் பெயர் என்று ஆசைப்பட்டுத் தேடி வைத்தான். அது கொங்கு நாட்டில் படாத பாடு பட்டது. அன்புக்கரசி வாசலில் நின்று "ஏனோக்கு" என்று மகனைக் கூப்பிட்டால், "ஏனுங்க" என்று புருஷனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் தெருவில் போகிற நாலு புருஷன்மார் திரும்பிப் பார்ப்பார்கள். "அம்மணி, பேரை மாத்துங்க, இல்லாட்டி வேற தெருவுக்குப் போயிருங்க" என்று குல்சும் அக்கா சிரிப்பார்.

நாலு வயது முடிந்தும் ஏனோக்கு ஒரு சொல் பேசவில்லை. காது சரியாக இருந்தது. நாக்கு சரியாக இருந்தது. பிஸ்கட் பாக்கெட் பிரிகிற சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்கும், ஓடி வருவான். அம்மா கண் கலங்கினால் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எல்லாம் புரிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

அன்புக்கரசி கொடுமுடிக்காரி. காவிரியில் குளித்து வளர்ந்து, கல்யாணத்துக்குக் கொஞ்சம் முந்தி ஞானஸ்நானம் எடுத்தவள். வேதம் படித்தாள், பாட்டு படித்தாள், உபவாசம் இருந்தாள். ஒன்றே ஒன்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அவள் ஊரில் பெற்ற பிள்ளையைச் சாமி என்றுதான் கொஞ்சுவார்கள். ஏனோக்கு அங்கன்வாடியிலிருந்து வந்து வாசலில் நின்றதும், "வாங்க சாமி" என்பாள். "உக்காருங்க சாமி" என்பாள். சொம்பில் மொண்டு, "தண்ணி குடிங்க சாமி" என்பாள். தினமும் இதே வரிசைதான். வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒரம்பரைக்கு நடக்கிற உபசாரம் அத்தனையும் அந்தப் பொடியனுக்கு நடக்கும். அவனும் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்து குடிப்பான்.

சாமுவேலுக்கு அது உறுத்தியது. "பையனைச் சாமிங்காத அம்மணி. பத்துக் கட்டளையில மொதல் கட்டளையே அதுதான். சாமி ஒருத்தர்தான்."

"எங்கம்மா என்னையே அப்படித்தானுங்க கூப்புட்டாங்க. பாசத்துல வாறதுங்க அது. ஆண்டவருக்குத் தெரியாதுங்களா?" என்று அவள் சிரித்தாள்.

அவன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வராத நாளெல்லாம் காரணம் தேடிக்கொண்டே இருந்தான். காரணம் தேடுகிற மனம் வீட்டுக்குள்ளேயே ஒருவரைப் பிடித்துவிடும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, "ஆண்டவருக்குக் குடுக்கவேண்டிய பேரை இவனுக்குக் குடுத்துப்போட்டோம். அதுக்குத்தான் இவன் வாயைக் கட்டிப்போட்டாரோ என்னமோ" என்று சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் ஏனோக்கு வாசலில் வந்து நின்றபோது அன்புக்கரசி அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள், அவ்வளவுதான். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் தையல் முழுக்கப் பிரிந்து வருமே, அப்படி அந்த ஒரு சொல்லோடு மற்ற கொஞ்சலும் போய்விட்டது. சாதம் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், எல்லாம் வாய் மூடியபடி. ஏனோக்கு சில நாள் வாசலிலேயே நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிற்பதை விட்டுவிட்டான்.

சாமுவேல் இதைக் கவனித்தானா? கவனித்தான். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கத் தெரியாமல் ஜெபத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சண்முகப்ரியாவைப் பற்றி மில்லில் யாரோ சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை நாலு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். சண்முகப்ரியா சின்னப் பெண், சுரிதாரில் அங்கங்கே பெயிண்ட் அப்பியிருந்தது. தரையில் உட்கார்ந்து ஏனோக்கோடு கட்டை அடுக்கிக்கொண்டே கேள்வி கேட்டாள். எல்லாக் கேள்விக்கும் சாமுவேல்தான் பதில் சொன்னான். அன்புக்கரசியைக் கேட்டதற்கும் அவனே சொன்னான். கடைசியில் சண்முகப்ரியா கையை உயர்த்தினாள்.

"சார், கொஞ்சம் இருங்க. அக்கா, நீங்க தம்பியை ஊட்ல எப்படிங்க கூப்புடுவீங்க? அதே மாதிரி இப்ப ஒரு தடவ கூப்புடுங்க."

அன்புக்கரசி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபமில்லை, உத்தரவு கேட்கிற பார்வை. கூலி கொடுக்கிற காட்டுக்காரர் முன்னால் நிற்கிற தன் அப்பாவின் கண்ணை அந்தக் கண்ணில் கண்டான் சாமுவேல்.

"இப்பல்லாம் ஒண்ணுஞ் சொல்லிக் கூப்புடறதில்லீங்க" என்றாள் மெதுவாக.

சண்முகப்ரியா எதையும் துருவிக் கேட்கவில்லை. "உங்களுக்கு எப்படி வருமோ அப்படிக் கூப்புடுங்கக்கா. சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அப்புறம் நிறுத்திருங்க. அவன் பதில் சொல்ல எடம் வேணுமில்லீங்களா? நீங்க எடமே உடறதில்ல" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சாமுவேல் பேசவில்லை. அப்பாவுக்கு உடம்புக்கு ஆகவில்லையா என்று இனியா அம்மாவிடம் காதோடு கேட்டாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போலப் பாய் விரித்தார்கள். கண்களை மூடினார்கள். இனியா பாதி மூடினாள். சாமுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"வாரும் ஆண்டவரே..."

அடுத்த சொல் வரவில்லை. மறந்துபோகவில்லை, ஆயிரம் தடவை சொன்னது எங்கே மறக்கும்? ஆனால் மனைவியின் அந்தப் பார்வை குறுக்கே வந்து நின்றது. தன் வீட்டில் ஒருத்தியைப் பேசவிடாமல் செய்துவிட்டு யாரிடம் என்ன பேசுவது? நோயாளிகளும் பிரயாணிகளும் நாட்டை ஆள்கிறவர்களும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள். அந்த வீட்டில் குடும்ப ஜெபம் முதன்முறையாகச் சத்தமில்லாமல் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குல்சும் அக்கா குழம்பு தாளிக்கிறது கேட்டது. சாமுவேல் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவான்.

கதவின் தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது.

"வாங்க."

கரகரப்பான, சின்னக் குரல். நாள்பட்டுத் திறக்கிற குழாயில் முதலில் காற்று வருமே, அப்படி வந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ வாசலில் வந்து பேசுகிறது என்றுதான் சாமுவேல் நினைத்தான்.

"வாங்க சாமி."

சாமுவேல் கண்ணைத் திறந்தான். ஏனோக்கு கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே தெருவிளக்கு வெளிச்சத்தில் காலி வாசல். ஒரு ஆள் இல்லை. ஆனால் பையன் சுவரோடு ஒட்டி, உள்ளே வருகிறவருக்கு வழி விட்டு நின்றான். அவன் முகம் மேலே நிமிர்ந்திருந்தது, உயரமானவர்களைப் பார்க்கிறபோது நிமிருமே, அந்த அளவுக்கு. வாசலிலிருந்து கூடத்துக்கு அவன் பார்வை மெதுவாக, ஒருவர் நடக்கிற வேகத்தில், நகர்ந்து வந்தது.

அன்புக்கரசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலுக்குப் பின்னால், வந்தவர்களுக்கு என்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. வீட்டு ஆட்கள் பாயில்தான் உட்காருவார்கள். ஏனோக்கு போய் அதைப் பிடித்து இழுத்தான். அது அவன் கழுத்து உயரம். தரையில் கரகரவென்று இழுபட்டு வந்து பாயோரம் நின்றது. உள்ளங்கையால் அதைத் தட்டித் துடைத்தான்.

"உக்காருங்க சாமி."

பிறகு அடுக்களைக்குள் போனான். குடத்துத் தண்ணீரில் டம்ளர் முங்குகிற சத்தம். யாரும் எழுந்து உதவப் போகவில்லை, யாருக்கும் எழுந்திருக்க முடியவில்லை. அவனுடைய சின்ன எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி, நடக்க நடக்கச் சிந்திக்கொண்டு வந்து, நாற்காலிக்கு முன்னால் நீட்டினான்.

"தண்ணி குடிங்க சாமி."

ஒரு சொல் மாறவில்லை. வரிசை மாறவில்லை. அன்புக்கரசி தினமும் சொன்னதும், சாமுவேல் சொல்லக் கூடாது என்று நிறுத்தியதும் அந்தச் சொற்கள்தான். பிள்ளை அத்தனையையும் உள்ளே பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். இத்தனை வருஷமாக சாமுவேல் தினமும் வாரும் வாரும் என்று கூப்பிட்டான். ஒரு நாளாவது கதவைத் திறந்தானா? ஒரு நாற்காலி எடுத்துப் போட்டானா? கூப்பிட்டால் வருவார் என்று அந்த வீட்டில் நம்பியது பேசாத அந்த ஒரு ஜீவன் மட்டும்தான். அப்பாவின் வேதத் தமிழையும் அம்மாவின் கொடுமுடித் தமிழையும் ஒன்றாகக் கேட்டு, இரண்டும் ஒரே சேதிதான் என்று அவனாகவே தெரிந்துகொண்டிருக்கிறான். சாமி என்பது தன்னுடைய பெயர் அல்ல, வந்தவரை வரவேற்கிற மரியாதை என்று நினைத்தானோ? அல்லது யாருக்கு உரிய பேரோ அவருக்கே கொடுக்கிறானோ? சாமுவேலுக்குப் பயமாக இருந்தது. அதைப்போல ஒரு சந்தோஷம் அவனுக்கு அதுவரை இருந்ததும் இல்லை.

அவன் மனைவி பக்கம் திரும்பினான். கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"அம்மணி, நான் சொன்னது தப்பு. கூப்புடு. பழையபடியே கூப்புடு."

அவளால் உடனே முடியவில்லை. கையை மகனை நோக்கி நீட்டினாள்.

"வாங்க சாமி" என்றாள்.

ஏனோக்கு திரும்பி அம்மாவைப் பார்த்தான். நீட்டிய கையைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். இவ்வளவு நேரம் இவள் கவனிக்கவில்லையே என்கிற மாதிரி, டம்ளரை நீட்டியபடியே அவளுக்குப் பொறுமையாகச் சொன்னான்.

"வந்துட்டாங்கம்மா."

இனியா சாமுவேலின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலிப் பக்கம் பார்க்கச் சாமுவேலுக்குத் தைரியம் வரவில்லை. பாயில் முகம் படக் குப்புற விழுந்து கிடந்தான்.

சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டது. குல்சும் அக்காவின் குரல்.

"தம்பி, சத்தத்தையே காணமுங்க. ஜெபம் முடிஞ்சுதுங்களா? டிவி போட்டுக்கட்டுங்களா?"

சாமுவேல் தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்.

"இன்னும் இல்லீங்க அக்கா. ஊட்டுக்கு ஒரம்பரை வந்திருக்காங்க."