கடைசியாகத் திறந்த பெட்டி

பெர்குர் காபியை ஊற்றிக் கொடுத்தான். தங்கை ஹல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கொட்டகையில் ஆடுகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன. நாளைக்கு லாரி வரும். மந்தையில் ஒரே ஒரு ஆட்டுக்கு நடுக்கு நோய் வந்தாலும் மொத்தத்தையும் கொன்று எரிக்க வேண்டும். ஐஸ்லாந்தில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். இப்போது ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்த நோயை அண்டவிடாத மரபணு உள்ள ஆட்டை விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட ஆடுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் தலைநகரத்து ஆய்வகத்தில் ஹல்லாவின் வேலை.

“ஒண்ணாவது தேறுமா ஹல்லா? ஒரே ஒரு பெட்டை இருந்தாப் போதும். அதை வெச்சு மறுபடி ஆரம்பிச்சிருவேன்.”

ஹல்லா காபியைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

போன இலையுதிர் காலத்தில், மலையிலிருந்து ஆடுகளை இறக்கிய கையோடு, அந்த மரபணு இருக்கிறதா என்று பார்க்கப் பண்ணைகளிலிருந்து ஆடுகளின் மூக்குச் சளி மாதிரிகள் வந்து குவிந்தன. முதலில் வந்த பெட்டி பெர்குருடையது. அதைத்தான் அவள் உறைபெட்டியின் அடியில் தள்ளினாள். சொந்த அண்ணனுக்கு முதலில் பார்த்துக் கொடுத்தாள் என்று எவனும் பேசிவிடக் கூடாதே! ஊரும் உறவும் ஒன்றுக்குள் ஒன்றான நாடு. பேச்சு கிளம்பினால் அடங்காது. நேர்மையாம், பெரிய நேர்மை. அவள் காப்பாற்றிக்கொண்டது தன் பெயரை மட்டும்தான்.

அப்போதே அவன் போன் செய்தான்.

“என் பெட்டி வந்துச்சா? குளிருக்கு எதை வெச்சுக்கிறது, எதை வெட்டுறதுன்னு முடிவு பண்ணணும்.”

“வரிசை வரட்டும்ணே. தங்கச்சின்னா சலுகையா?”

“அடேயப்பா, பெரிய அதிகாரிதான் போ!” என்று சிரித்தான்.

அந்த வருடம் மழையில் புல் அழுகி, தீனி குறைவு. முடிவு வரும்வரை எல்லாவற்றுக்கும் போட்டுக் கட்டாது. மெலிந்ததையும் அடங்காததையும் வெட்டுக்குக் கழித்துவிட்டான். ஹல்லா அந்தப் பெட்டியைத் திறந்தது இந்த வாரம், அவன் மந்தையில் நோய் உறுதியான பிறகு.

“ஒண்ணு இருந்துச்சுண்ணே,” என்றாள்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். “எது?”

“சாம்பல் மொட்டை.”

கொம்பில்லாத சாம்பல் பெட்டை அது. பெர்குர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“வேலி தாண்டுற சனியன்னு நான்தானே அதை…”

“உன் தப்பு இல்லண்ணே. உன் பெட்டிதான் முதல்ல வந்துச்சு. ஊர் பேசுமேன்னு நான்தான் அடியில வெச்சேன்.”

அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒல்லியா இருந்தாலும் கறி நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான் மெல்ல. “புகை போட்டு உன் வீட்டுக்குத்தானே கொண்டு வந்தேன், கிறிஸ்துமஸுக்கு.”

இன்னும் ஒரு துண்டு வை அண்ணே என்று அன்றைக்குத் தட்டை நீட்டியவள் ஹல்லாதான்.

பெர்குர் எழுந்து, கடைசித் தீனியைப் போடக் கொட்டகைக்குப் போனான். அவள் அடுப்பங்கரையிலேயே நின்று அழுதாள். வெளியே அவன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. பழக்கதோஷத்தில் சாம்பல் மொட்டையையும் கூப்பிட்டான்.