பொய் சொல்லும் பிரிண்டர்

நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும் என்று, வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மருமகள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவாள். எந்தப் பாதி என்று மட்டும் சொல்வதில்லை. உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். பிரிண்டர் வாங்கப் போன இந்தக் கதையில் இரண்டு பாதியும் உண்மை.

எங்கள் வீட்டு முன்னறையில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் என் நாற்காலி. எதிரே பேருந்து நிறுத்தம், பக்கத்தில் தையல் கடை, கொஞ்சம் தள்ளிக் கல்லூரி வாசல். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த அறையைத்தான் மருமகள் கேட்டாள். அச்சும் நகலும் எடுக்கிற கடை வைக்கப் போகிறாளாம். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம் அச்செடுக்கக் கடைவீதி வரைக்கும் அலைகிறார்கள் என்று அவளிடம் சொன்னதே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"உங்க நாற்காலியைப் பின்னறைக்கு மாத்திடலாம் மாமா. அங்கயும் ஜன்னல் இருக்கே."

இருக்கிறது. அதில் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். சுவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சுவரைப் பற்றி மனிதன் எவ்வளவுதான் பேச முடியும்?

மகனிடம் முறையிட்டேன். "அவ வேலையை விட்டுட்டு இதுல இறங்குறாப்பா. நான் நடுவுல வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்து யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே வெளியே போனான். போனில் யாரும் இல்லை. என் பிள்ளை அல்லவா, அந்தத் திறமை வராமல் எங்கே போகும்.

புது இயந்திரம் கட்டுப்படியாகாது. பழையது நல்லதாகக் கிடைத்தால் உடனே கடை. கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆகவே ஊரில் விலைக்கு வரும் எந்தப் பழைய பிரிண்டரும் நல்லதாக இருந்துவிடக் கூடாதே என்று நான் மிகுந்த அக்கறையோடு இருந்தேன்.

ஒரு கணக்காளர் ஆபீசைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் போகிறார், பிரிண்டரை விற்கிறார் என்று தகவல் வந்தது. மருமகள் என்னையும் கிளப்பினாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பொருளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிட்டு நில்லுங்க. விலை தானா இறங்கும்."

"என் முகமே அப்படித்தானேம்மா."

"அதனாலதான் கூப்பிடுறேன்."

மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். அலமாரிகள் போன இடத்தில் சுவர் மட்டும் பழைய நிறத்தில் பளிச்சென்று இருந்தது. கயிறு கட்டிய கோப்புகள் மூலையில் குவிந்து கிடந்தன. கணக்காளர் ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் போட்டிருந்தார். பேர் சொன்னார், எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து அவர் இரட்டைக் கண்ணாடிதான்.

பிரிண்டர் இடுப்பு உயரத்துக்கு, ஒரு கன்றுக்குட்டியின் அகலத்துக்கு நின்றது. அதன் வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு பழைய மர நாற்காலி. இரட்டைக் கண்ணாடி சுவிட்சைப் போட்டார். இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'பக்க மூடி திறந்திருக்கிறது' என்று திரையில் காட்டியது. மருமகள் குனிந்து பார்த்தாள். மூடி சாத்தித்தான் இருந்தது.

"அது பொய் சொல்லுதும்மா. கண்டுக்காதீங்க" என்றார் இரட்டைக் கண்ணாடி. "எங்க தலைமைக் குமாஸ்தா இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருப்பார். அவர் ஓய்வு வாங்கிட்டுப் போனதிலேருந்து இதுக்கு மனசு சரியில்லை. பாசம். தோணினா ஓடும், தோணலைன்னா இப்படி ஏதாவது சாக்குச் சொல்லும்."

முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் அவர் இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்துவிட்டது. தொழில் தெரிந்த ஆள். ஆனாலும் என் ஜன்னல் ஆபத்தில் இருந்தது. பேசக் கூடாது என்ற உத்தரவை அங்கேயே கைவிட்டேன்.

"இதே மாதிரி ஒண்ணு என் சிநேகிதர் வீட்டு மாடியில இருந்துச்சு" என்றேன். "கனம் தாங்காம தரை கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டுது. கடைசியில மாடியில காகிதத்தை வச்சா, அச்சடிச்ச பக்கம் கீழ் வீட்டு அடுப்படியில வந்து விழும். அந்த அம்மா தினமும் அடுக்கி வச்சுக் கொடுத்தாங்க, பாவம். அப்புறம் கூலி கேட்டாங்க."

"நம்ம வீடு தரைத்தளம் மாமா" என்றாள் மருமகள், தலையை இயந்திரத்துக்குள் விட்டபடியே. "கீழே மண்ணுதான் இருக்கு."

இரட்டைக் கண்ணாடி மட்டும் மரியாதையாகத் தலையசைத்தார். "இருக்கும் ஐயா. கனமான ஜாதிதான். சூடும் அதிகம். மழைக்காலத்துல இதுமேலதான் சட்டையைக் காய வைப்போம். ஒருநாள் குமாஸ்தா சட்டையை மறந்து உள்ளே விட்டுட்டார். முதுகு முழுக்க ஒரு கம்பெனியோட வரவு செலவு அச்சாகிப் போச்சு. வேற வழியில்லாம அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டே வரி அதிகாரி முன்னால போய்த் திரும்பி நின்னார்."

"ஏத்துக்கிட்டாங்களா?"

"சட்டைப் பையில மட்டும் ஒரு கையெழுத்து கேட்டாங்க."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நாங்கள் இப்படி மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, மருமகள் காகிதத் தட்டை இழுத்தாள், ரோலரைத் துடைத்தாள், மையைப் பார்த்தாள், சோதனைப் பக்கம் எடுக்கிற பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் மசியவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் சுருங்கியிருந்தது. வெற்றி என்று நினைத்தேன். படியேறி வந்த கால்வலி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குமாஸ்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து, நிம்மதியாகப் பிரிண்டர் மேலேயே சாய்ந்தேன்.

கடகடவென்று பக்கங்கள் வந்து விழுந்தன. எழுத்து முத்து முத்தாக இருந்தது. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு.

"பார்த்தீங்களா, தோணிடுச்சு" என்றார் இரட்டைக் கண்ணாடி.

மருமகள் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவள் கண் மலர்ந்தது. உதட்டைப் பிதுக்குவதற்காக எழுந்து கிட்டே போனேன். இயந்திரம் நின்றது. பக்க மூடி திறந்திருக்கிறதாம். யோசித்தபடி மறுபடி போய்ச் சாய்ந்தேன். ஓடியது. எழுந்தேன். நின்றது.

விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலிப் பக்கத்து மூடியை இழுத்துப் பிடிக்கிற கொக்கி தேய்ந்து போயிருக்கிறது. குமாஸ்தா வருஷக்கணக்காகத் தன் முதுகால் அதை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். அது அவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

"அம்மாடி, இது ஓட்டை இயந்திரம்" என்று அறிவித்தேன். "ஆள் சாய்ஞ்சாத்தான் ஓடும். நல்லாப் பாத்துக்க." உட்கார்ந்து காட்டினேன், எழுந்து காட்டினேன், மறுபடி உட்கார்ந்து காட்டினேன். இவ்வளவு சுத்தமாக ஓர் உண்மையை நான் இதற்கு முன் யாருக்கும் நிரூபித்ததில்லை. பழக்கமில்லாத வேலை, அதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

மருமகள் என்னையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்க சாய்ஞ்சிருந்தா எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓடும்" என்றாள். பிறகு இரட்டைக் கண்ணாடி பக்கம் திரும்பினாள். "சார், இது ஆள் இல்லாம ஓடாதுன்னு நீங்களே பார்த்துட்டீங்க. ஆளை நாங்கதான் போடணும். அதுக்குத் தகுந்த மாதிரி குறைச்சுக்குங்க."

"ஆள் எப்படிம்மா, தினமும் வருவாரா?"

"வீட்டோடதான் இருக்கார் சார். வேற வேலை கிடையாது."

ஒருத்தர் எதிரிலேயே அவரை இப்படி விலை பேசி நான் பார்த்ததில்லை. இரட்டைக் கண்ணாடி என்னை மேலும் கீழும் பார்த்து, விலையைக் குறைத்தார். நாற்காலியையும் சேர்த்தே கொடுத்தார். "பழகின நாற்காலி. இதுவும் இருந்தா அதுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றார், கண்ணைத் துடைத்தபடி. எந்தக் கண்ணாடிக்குள் கையை விட்டுத் துடைத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முன்னறையில் மின்சார பிளக் இருப்பது ஜன்னலுக்குக் கீழேதான். அதனால் பிரிண்டரும் அங்கேதான், அதை ஒட்டி நானும் அங்கேதான். பேருந்து நிறுத்தம், தையல் கடை, எதுவும் என் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் மருமகள் முதல் நாளே, "மெக்கானிக் வர்ற வரைக்கும்தான் மாமா, அப்புறம் நீங்க நிம்மதியாப் பின்னறையில படுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக் வெளியூர் போயிருந்தார். அங்கே அவருக்கு நிறைய வேலை கிடைக்கட்டும் என்று மனமார வாழ்த்தினேன்.

இதற்கிடையில் மகன், எனக்குச் சிரமம் கொடுக்காமல், ஒரு புத்தகக் கட்டை மூடிக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தான். அது எப்படியோ நகர்ந்துவிட்டது. செங்கல் வைத்தான், அதுவும் நகர்ந்தது. இரண்டு தடவையும் என் கால் அந்தப் பக்கமாக இருந்தது தற்செயல்.

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அச்சாகிற வரைக்கும் சும்மா நிற்கிறார்களே என்று நான் ஏதாவது சொல்வேன். குமாஸ்தாவின் சட்டை என் கைக்கு வந்த பிறகு கொஞ்சம் வளர்ந்து, கோட்டு சூட்டாகிவிட்டது. வேலை முடிந்தும் பிள்ளைகள் போவதில்லை. கதை முடியும் வரைக்கும் நிற்க ஒரு காரணம் வேண்டுமே என்று இன்னொரு பிரதி எடுத்தார்கள். கடைவீதிப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட இங்கே திரும்பினார்கள். மருமகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காகிதக் கட்டுகளை மட்டும் அடிக்கடி வாங்கி வந்தாள்.

மெக்கானிக் ஒருநாள் காலையில் வந்து நின்றார். மூடியைத் திறந்தார், விரலை விட்டுத் தடவினார், உடனே சிரித்தார். "இவ்வளவுதானா? சின்னக் கொக்கிம்மா. பையிலேயே வச்சிருக்கேன். அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம்."

நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அது முழுக்க மேலே போகிற வரைக்கும் பார்த்தேன், இனி எனக்குச் சுவர்தானே.

மருமகள் அந்தக் கொக்கியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வாசலில் இரண்டு பிள்ளைகள், மெக்கானிக் எப்போது நகர்வார், நான் எப்போது ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தார்கள்.

"இது பையிலேயே இருக்கட்டும்ண்ணே" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "ரோலரை மட்டும் ஒரு தடவை சுத்தம் பண்ணிட்டுப் போங்க."

"மாட்டலைன்னா ஓடாதேம்மா?"

"ஓடும்."

அவர் போனதும் காகிதத்தைத் தட்டில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்தச் சட்டைக் கதை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். சரியா?"

"சரிம்மா."

"சாயுங்க மாமா."

சாய்ந்தேன்.