அகிலுக்கு ஒரு நினைவு ஜெபம்

கல்லாற்றில் முங்கிய சிநேகிதனைக் கரையேற்றிவிட்டு மகன் அகில் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும், ராஜபாய் அவனுக்கு நினைவு ஜெபம் வைக்கவில்லை. போதகர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். ரேஷன் கார்டிலும் அவன் பெயரை நீக்க விடவில்லை. பிடிவாதமென்றால் அப்படியொரு பிடிவாதம்!

காகிதத்தில் அகில் இன்னும் சாகவில்லை என்பதைத்தான் ரதீஷ் மோப்பம் பிடித்துவிட்டான். தம்பானூரில் டிராவல்ஸ் வைத்திருப்பவன். அகில் பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாமென்று தேனொழுகப் பேசி, அவனுடைய ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் வாங்கிப் போனான். போன வாரம் வந்து குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அக்கா, அகில் பேர்ல ஒரு பையனுக்கு பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணியாச்சு. பாவப்பட்டவன், கல்ஃபுக்கு ஜோலிக்குப் போறான். வெரிஃபிகேஷனுக்கு போலீஸ் வரும்போ, எனக்க மொவன்தான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பேப்பர் தந்தது அக்காவாக்கும், மறக்க வேண்டாம் கேட்டோ."

அவன் தலை மறைந்ததும் ராஜபாய் குடையை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

"என்னையும் பிடிச்சு உள்ள போடணும்னா போடுங்க. எனக்க பிள்ளைக்க பேரை மட்டும் மீட்டுத் தாங்க," என்றாள்.

எஸ்.ஐ. மாளவிகாவின் முகம் மாறிவிட்டது. எல்லை தாண்டிப் போய் ஆயுதம் தூக்கும் ஒரு கூட்டத்துக்கு, செத்தவர்களின் பெயரில் பாஸ்போர்ட் எடுத்து ஆளனுப்பும் வேலை இது. மாதக்கணக்காகத் தேடுகிறார்கள்.

"ரதீஷும் அந்தப் பையனும் ஒண்ணா கையில கிட்டணும் அம்மே. போலீஸ் வாடை அடிச்சா ஓடிருவாங்க."

"வெள்ளைச் சேலை கட்டுத எங்க சபைப் பொம்பளையளுக்கு நடுவுல இருந்தா ஒரு வாடையும் அடிக்காது. ஒங்ககிட்டயும் வெள்ளைச் சேலை உண்டுமா?"

ரதீஷுக்கு ராஜபாயே போன் போட்டாள். வீட்டில் ஜெபக்கூட்டம், பையனையும் கூட்டி வா, சபைக்காரர்கள் தன் சொல்லைத் தட்டமாட்டார்கள், அவர்கள் முன்னால் அவனை மகனேயென்று கூப்பிட்டால் போலீஸ் விசாரித்தாலும் அப்படியே சொல்வார்கள் என்றாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூடம் நிறைந்தது. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த பெண் கான்ஸ்டபிளைப் பக்கத்திலிருந்தவள் தொடையில் தட்டித் திருத்தினாள். மாளவிகா கதவோரம் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ரதீஷ் ஒரு வாலிபனோடு உள்ளே வந்தான்.

"ஒனக்க பேரென்ன மக்ளே?" ராஜபாய் கேட்டாள்.

"அகில்." கண் கூசாமல் சொன்னான், பாவி!

ராஜபாய் எழுந்துபோய், சுவரில் படத்தை மூடியிருந்த துணியை உருவினாள். அகில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்க மொவன் இவனாக்கும். செத்துப் போனான். இன்னைக்கு அவனுக்கு நினைவு ஜெபம்."

அவள் வாயிலிருந்து செத்துப்போனான் என்ற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

ரதீஷ் வாசலுக்குப் பாய்ந்தான். அத்தனை வெள்ளைச் சேலைகளும் எழுந்து வழியை அடைத்து நின்றன. மாளவிகா அவன் கையை முறுக்கிப் பிடித்தாள்.

இருவரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு அவள் திரும்பி வந்தாள். "அம்மையும் வரணும். வாக்குமூலம் எழுதணும்."

"வாறேன். ஜெபம் முடியட்டு. நாளைக்கு ரேஷன் கார்டுல அவன் பேரையும் எடுக்கணும்."

"சங்கடம் இல்லையா அம்மே?"

"என்னத்துக்கு? ஒருத்தனைக் கரையேத்திட்டுப் போனவனாக்கும் எனக்க மொவன். அவனுக்க பேரை வச்சு ஒருத்தனும் கொல்லப் போகப்பிடாது."

ராஜபாய் படத்துக்கு நேரே நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.