திருப்பிக் கொடுத்த கை

"பிடுங்கினதை ஏன் மறுபடி அவன்கிட்டயே குடுக்கறீங்க?" என்று மனைவி கேட்டது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஏட்டு வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார். கையில் நீல நிற ரப்பர் துப்பாக்கி. அவரோடு பயிற்சி செய்துகொண்டிருந்த மைத்துனன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருந்தான்.

"குடுத்தாத்தானே அவன் மறுபடி நீட்டுவான்? அவன் நீட்டினாத்தானே நான் மறுபடி பிடுங்க முடியும்? ஒரு நாளைக்கு நூறு தடவை செய்யணும்."

"நிஜத் திருடன் நீட்டினாலும் இப்படித்தான் குடுப்பீங்களா?"

"குடுப்பேன். ரசீது போட்டுக் குடுப்பேன்."

"நான் விளையாட்டுக்குக் கேக்கலை." அவள் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தாள். "என்கிட்ட ஒருத்தர் கத்துக்க வந்தாரு. முப்பது நாளும் அவருக்குப் பதிலா நான்தான் பிரேக்கை மிதிச்சேன். என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கே. அப்புறம் சொந்தமா கார் வாங்கினாரு. முதல் நாளே கொண்டு போய்ச் சுவத்துல விட்டாரு. என்ன சார்னு கேட்டா, யாராவது மிதிப்பாங்கன்னு கால் சும்மா இருந்துடுச்சுங்கறாரு."

"அது அவர் காலோட கோளாறு."

"கால் பழகினதைக் கால் செய்யும். கை பழகினதைக் கை செய்யும். உங்களை அது கேக்காது."

"உன் பாடம் கிளச்சோட நிக்கட்டும்மா."

"நிக்கட்டும். சோபாவை இழுத்துப் போட்டுட்டுக் குளிக்கப் போங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். 

படையில் அவருக்கு 'மின்னல்' என்று பெயர். எதிராளி நீட்டிய துப்பாக்கி கண் இமைப்பதற்குள் அவர் கைக்கு வந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை பத்துத் தோட்டா சுடுவதோடு மற்றவர்களின் பயிற்சி முடிந்துவிடும். இவரும் மைத்துனனும் மட்டும் தினமும் பயிற்சி செய்தார்கள். மைத்துனனும் அதே காவல் நிலையத்தில் காவலர்தான். ஒரே ஜீப், ஒரே பணி நேரம், ஒரே வீட்டுச் சாப்பாடு. ரோந்து ஜீப் என்பதால் இருவருக்கும் துப்பாக்கி உண்டு. அது என்றால் அவனுக்கு உயிர். கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் அதைத் துடைப்பான். ஏட்டுக்கோ அது இடுப்பில் ஒரு தொந்தரவு. "ஜீப்புல ஒழுங்கா உக்கார விடமாட்டேங்குது. கை இருக்கும்போது அது எதுக்குடா மாப்ளே?" என்பார்.

அந்தக் கை என்ன செய்தது என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இருபத்தாறு நாட்களுக்கு முன்பு, காலை பதினொரு மணி. மருந்துக்கடை ஒன்றில் தகராறு என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு யாரோ சண்டை போடுகிறான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மைத்துனன் ஜீப்பை நிறுத்துவதற்குள் ஏட்டு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கல்லாவுக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் மண்டியிட்டிருந்தார். துப்பாக்கிக் கட்டையால் அடிபட்டு நெற்றி பிளந்திருந்தது. ரத்தம் மூக்கின் இரண்டு பக்கமும் வழிந்து வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன். கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினான். துப்பாக்கி முனை ஏட்டின் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் அப்படியே மேசைக்கு அடியில் சுருண்டுவிட்டார்.

ஏட்டு யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இடது கால் விலகியது. இடது கை முனையைத் தட்டியது. வலது கை மணிக்கட்டைத் திருகியது. துப்பாக்கி அவர் கையில் இருந்தது. வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக அவர் அதைச் செய்ததில்லை.

பிறகு அந்தக் கை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தது. பிடியை முன்னால் வைத்து, ஹெல்மெட்காரனிடம் நீட்டியது. "ம்" என்றுகூடச் சொன்னார். அடுத்தது, என்று மைத்துனனிடம் சொல்லும் அதே "ம்".

ஹெல்மெட்காரன் ஒரு கணம் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் இவர் முகத்தைப் பார்த்தன. பிறகு வாங்கிக்கொண்டான்.

கண்ணாடிக் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்ட மைத்துனன் அப்போதுதான் பக்கவாட்டில் உள்ளே வந்தான். கை இடுப்பு உறையின் பொத்தானில் இருந்தது. அது திறக்குமுன் முதல் வெடி கேட்டது. சின்ன அறைக்குள் அந்தச் சத்தம் காதில் ஆணி அறைந்ததுபோல் இறங்கியது. மைத்துனனின் வலது முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. முழங்கால் அப்படி மடங்கக் கூடாது. அவன் விழுந்தான். இரண்டாவது தோட்டா அலமாரியில் பாய்ந்து இருமல் மருந்துப் புட்டிகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. மூன்றாவது ஏட்டின் காதோரத்தைச் சுட்டுக்கொண்டு போனது.

தன் இடுப்பிலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைப் பிடுங்கித் தலையில் ஓங்கினார். ஹெல்மெட்டில் பட்டு உருளை எகிறித் திரும்பியது. அடுத்ததை மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு முறிவது உருளை வழியாக அவர் உள்ளங்கைக்குத் தெரிந்தது. துப்பாக்கி விழுந்தது. காலால் அலமாரிக்கு அடியில் தள்ளினார். அவன் சரிந்து தரையில் கையை ஊன்றினான். ஊன்றிய கையின் மேல் உருளையை இறக்கினார். மறுபடி இறக்கினார். அவன் அம்மாவைக் கூப்பிட்டு அலறினான். விரல்கள் விரல்களாக இல்லை. அவர் நிறுத்தவில்லை.

"மாமா." தரையிலிருந்து மைத்துனனின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. "போதும் மாமா. அவன்கிட்ட இப்ப ஒண்ணும் இல்லை."

ஏட்டு பெல்ட்டைக் கழற்றி மைத்துனனின் தொடையில் இறுக்கினார். கிழிந்த துணிக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தமும் இருமல் மருந்தும் கலந்து முட்டியெல்லாம் பிசுபிசுத்தது. இனிப்பு வாடையும் இரும்பு வாடையும் சேர்ந்து அடித்தது.

"நீங்களே குடுத்தீங்க மாமா," என்றான் மைத்துனன். அதில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு வித்தையைப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் சொல்பவனின் குரல். பிறகு அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்."

மூன்றாம் நாள் அந்தக் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் மைத்துனன் படுக்கையிலிருந்தே முந்திக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தான். ஏட்டு துப்பாக்கியைப் பிடுங்கினார், குற்றவாளி திமிறி மீண்டும் கைப்பற்றிச் சுட்டான். கடைக் கேமரா கல்லாவைப் பார்த்து மாட்டியிருந்தது. முதுகுகள் மட்டும்தான் பதிவாகியிருந்தன. பிடிபட்டவன் மட்டும் கட்டுப்போட்ட கையோடு, "நான் பிடுங்கலை சார். அவரே குடுத்தாரு," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். காவல் நிலையமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"பிரியமாக் குடுத்தாராம்யா."

"காப்பி சாப்டறியா தம்பின்னும் கேட்டிருப்பாரு."

ஏட்டும் சிரித்தார். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும்.

வீட்டில் அதைவிட மோசம். அவருடைய வீங்கிய வலது கையை மனைவி தினமும் வெந்நீரில் வைத்து நீவிவிட்டாள். தம்பியைக் கட்டுமாற்ற அழைத்துப் போவதும் அவள்தான், கார் பள்ளியைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். அத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் இந்தக் கைக்கு நேரம் ஒதுக்கினாள். "இந்தக் கை இல்லேன்னா என் தம்பி இல்லை," என்று விரல் விரலாகப் பிடித்துவிட்டாள். கையை இழுத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் வரவில்லை. 

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'மின்னல்' பயிற்சியைப் படையிலுள்ள அனைவருக்கும் கற்றுத்தர வேண்டும். இருவர் இருவராக, ஒருவர் நீட்ட ஒருவர் பிடுங்க, தினமும் நூறு தடவை. அன்றிலிருந்து ஒரு வேண்டுகோள் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. வாயைத் திறந்தால் அதோடு சேர்ந்து மற்றதும் வெளியே வந்துவிடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. ராத்திரியெல்லாம் தூங்கவிடாத வேண்டுகோளாக இருந்தது அது.

இன்று பயிற்சிக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். எல்லாக் காவலருக்கும் எல்லா நேரமும் துப்பாக்கி கொடுக்கலாமா என்று துணை ஆணையர் நேரில் வந்து கேட்டார். அந்த அம்மாள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாரையும் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

"எல்லாருக்கும் குடுங்க மேடம்," என்றார் ஒரு பருத்த உதவி ஆய்வாளர். "லத்தியைப் பாத்தா நாய்கூட நகர மாட்டேங்குது."

"உங்களைப் பாத்தா நகரும் சார்," என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

"எனக்கு வேண்டாம் மேடம்," என்றாள் ஒரு பெண் காவலர். "பஸ்ல நின்னுக்கிட்டு வர்றவ நான். கூட்டத்துல எவன் கை எங்க வருதுன்னு பாப்பேனா, துப்பாக்கியைப் பாப்பேனா?"

"வீட்டுல எங்க வைக்கிறது மேடம்? ரெண்டு பசங்க," என்றார் ஜீப் ஓட்டுநர். "அலமாரியைப் பூட்டலாம். சாவியை எங்க வைக்கிறது? என் பொண்டாட்டியே கண்டுபிடிச்சிடறா."

கூடம் சிரித்தது. கடைசி வரிசையில் ஏட்டும் அவருக்குப் பக்கத்தில் ஊன்றுகோல்களோடு மைத்துனனும் உட்கார்ந்திருந்தார்கள். அவனைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட மனைவி, வாசல் நிலையில் சாய்ந்து, கையில் சாவியோடு நின்றிருந்தாள்.

இடையில் செயல்விளக்கம் நடந்தது. இருபது ஜோடிகள் மேடைக்கு முன் வரிசையாக நின்றார்கள். எல்லார் கையிலும் நீல ரப்பர். பயிற்றுநர் விசிலை ஊதினார். இருபது கைகள் தட்டின, திருகின, பிடுங்கின. இருபது கைகள் பிடியை முன்னால் வைத்துத் திருப்பிக் கொடுத்தன. விசில். பிடுங்கின. கொடுத்தன. விசில். முன்வரிசையில் ஒருவன் கொடுக்கும்போது "ம்" என்றான்.

ஏட்டின் காதுக்குள் அந்த மூன்று வெடிகளும் கேட்டன. அந்த வரிசையில் அவர் முகங்களைப் பார்க்கவில்லை, முழங்கால்களைப் பார்த்தார். நாற்பது பேரின் முழங்கால்களும் அவருக்குப் பின்பக்கமாக மடங்கின.

"மின்னல் எங்கே?" என்று துணை ஆணையர் நிமிர்ந்தார். "துப்பாக்கி முனையிலேர்ந்து திரும்பி வந்தவர் நீங்க. நீங்க சொல்லுங்க. இந்தப் படைக்கு என்ன வேணும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஏட்டு எழுந்தார். மைத்துனன் அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்தான்.

"துப்பாக்கி வேணும்னு சொல்லிட்டு உக்காருங்க மாமா," என்று அடிக்குரலில் சொன்னான். "எனக்கு ஒரு காலோட போச்சு. நீங்க வீட்டையும் சேத்துக் கெடுத்துக்காதீங்க."

"விடுடா மாப்ளே."

"அக்கா நிக்கிறா."

"தெரியும். அதான் விடச் சொல்றேன்."

மைத்துனன் அவரையே பார்த்தான். பிறகு விரல்களைத் தளர்த்தினான்.

ஏட்டு நடுவழியில் நடந்து முன்னால் போனார். முன்வரிசையில் "ம்" என்று சொன்னவனிடமிருந்து ரப்பர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.  அதை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"அந்தத் திருடன் சொன்னதைக் கேட்டு எல்லாரும் சிரிச்சீங்க," என்றார். "நானும் சிரிச்சேன். ஆனா அவன் பொய் சொல்லலை. அவன் கையிலேர்ந்து பிடுங்கினதும் நான்தான். அவன் கையிலயே திருப்பிக் குடுத்ததும் நான்தான். அவன் கேக்கக்கூட இல்லை. நானாக் குடுத்தேன். ரெண்டு வருஷமா வீட்டுல தினமும் குடுத்துப் பழகின கை, அன்னிக்கும் குடுத்துடுச்சு. அதுலதான் என் மைத்துனன் கால் போச்சு."

பயிற்றுநரின் வாயிலிருந்து விசில் நழுவி மார்பில் தொங்கியது.  துணை ஆணையரின் பேனா எழுதாமல் நின்றது.

வாசலில் மனைவியின் கையிலிருந்த சாவிக்கொத்து சத்தமின்றி விரல்களுக்குள் மூடிக்கொண்டது. அவள் முதலில் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கணவரின் வலது கையைப் பார்த்தாள். இருபத்தாறு நாட்களாக வெந்நீரில் வைத்து நீவிய கை. அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு தூரத்திலிருந்து அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் வீட்டுல ஒருத்தி அப்பவே கேட்டா," என்றார் ஏட்டு. "சிரிச்சுட்டுக் குளிக்கப் போனேன். என் வேலையை எடுத்துக்கிட்டாலும் சரி, உள்ள தள்ளினாலும் சரி. துப்பாக்கி எல்லாருக்கும் குடுங்க, குடுக்காம இருங்க, அது உங்க முடிவு மேடம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

ரப்பர் துப்பாக்கியை எதிரே நின்றவன் வழக்கம்போல் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். ஏட்டு கொடுக்கவில்லை. இரண்டடி பின்னால் வந்து, அதைத் தன் காலடியில் வைத்தார்.

"பிடுங்கினதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிக் கத்துக்குடுக்காதீங்க."