வீட்டோடு வந்த காவல்

தொலைக்காட்சிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு மில்டன் படியிறங்கிய அதே நொடியில், காவல் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் வாசலை மறித்து நின்றது. அவனுக்குப் பின்னால் அவனுடைய அக்கா சுல்மா கல்யாணக் கேக்கை இரு கைகளிலும் ஏந்தியபடி வந்துகொண்டிருந்தாள். தெருவோரத்தில் வாயைப் பிளந்து நின்ற வேனுக்குள் ஒலிபெருக்கியும் வெள்ளித் தட்டுகளும் மேசை விரிப்புகளும் ஏற்கெனவே ஏறியிருந்தன. எல்லாம் பேட்டை மன்றத்தில் நடக்கவிருந்த விருந்துக்கு. அதற்கு முன்னால், மூன்று மணிக்கு, நகரின் நடுவிலுள்ள பதிவு அலுவலகத்தில் சுல்மாவின் மகள் யானினாவுக்குத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அம்மாவும் மாமாவும்தான்.

வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். சட்டைப் பையின்மேல் ‘ஃபகுந்தெஸ்’ என்று பெயர் தைத்திருந்தது.

“வணக்கம்மா. எல்லாம் நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்கு தம்பி! பொண்ணுக்குக் கல்யாணம். கொஞ்சம் வண்டிய நகத்துங்க.”

“சந்தோசம். சங்கேதச் சொல்லச் சொன்னீங்கன்னா போயிட்டே இருப்பேன்.”

“எந்தச் சொல்லு?”

ஃபகுந்தெஸ் அவளையும், மில்டனையும், படுக்கை விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மின்கம்பியையும் மாறி மாறிப் பார்த்தான்.

மொந்தேவிதேயோவின் சயாகோ பேட்டையில் இருந்த அந்தச் சிறிய வீட்டுக்கு அவர்கள் குடிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டை விற்ற மூதாட்டி டோன்யா ஓல்கா, கணவர் இறந்தபின் தனியே இருக்க மாட்டாமல் கடல்கடந்து வலென்சியாவிலுள்ள மகனிடம் போய்விட்டாள். சாவிகளையும் எலுமிச்சை மரத்தையும் உடைந்த பூந்தொட்டிகளையும் ஒப்படைத்தவள், கதவோரம் பதித்திருந்த, காவல் நிறுவனத்தோடு இணைந்த எண்பொத்தான் பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உயிர் போன பெட்டி என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், எசமானர் ஊரைவிட்டுப் போனபின்னும் வாசலைவிட்டு நகராத நாய் ஒன்று உண்டல்லவா? யார் சோறு வைத்தாலும் வாலாட்டாது. பழைய வீட்டாரின் வாசனைக்காகக் காத்துக் கிடக்கும். புதிதாக வருகிறவன் வீட்டையே விலைக்கு வாங்கியவனாக இருந்தாலும் அதன் கண்ணுக்கு அவன் திருடன்தான். அந்தப் பெட்டியும் அவ்வகைதான். அதற்கான மாதச் சந்தாவை ஓல்காவின் வங்கிக் கணக்கு இன்னமும் மறவாமல் கட்டிக்கொண்டிருந்தது.

அதைத் தட்டியெழுப்பியது சுல்மாவின் கை. மருத்துவமனை ஒன்றில் அறுவைக் கருவிகளைக் கழுவித் துடைத்துக் கிருமி நீக்கும் கொதிகலனில் ஏற்றுவது அவள் வேலை. எதைக் கடந்தாலும் அதைத் துடைக்காமல் அந்தக் கை போகாது. சற்றுமுன் கல்யாண உடுப்பை உடுத்தி, உதட்டுக்குச் சாயமும் இமைக்கு மையும் தீட்டியபின்னும் துணியை இடுப்புவாரில் செருகியிருந்தாள். போகிற போக்கில் பெட்டியையும் துடைத்தாள்; மூலையிலிருந்த சிவப்புப் பொத்தானில் அழுக்கு கூடுதலாக இருந்ததால் விரலை அங்கே நன்றாக அழுத்தித் தேய்த்தாள். சத்தமில்லை, விளக்கும் எரியவில்லை.

“அது சத்தமே போடாதும்மா,” என்றான் ஃபகுந்தெஸ். “கழுத்துல கத்தி இருக்கறப்ப அமுக்கறது. சத்தம் போட்டா குத்திருவான்ல?”

பிறகு அவளை எலுமிச்சை மரத்தடிக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். “அந்த ஆளு மிரட்டுறானா? வாயத் திறக்க வேண்டாம். ஆமான்னா கண்ண ரெண்டு தடவ சிமிட்டுங்க.”

இமைக்கு மை தீட்டுவது சுல்மாவுக்கு வாழ்நாளில் இதுவே முதல் முறை. தீட்டியதிலிருந்தே கண் உறுத்திக்கொண்டிருந்தது. சிமிட்டக்கூடாது என்று எண்ணியதுதான் தாமதம், இரண்டு இமைகளும் சிக்கிய பறவையின் இறகுகளாய்ப் படபடத்து நீரைக் கொட்டின.

“டிவியக் கீழ வைடா!” என்று ஃபகுந்தெஸ் கத்தினான். இடுப்பிலிருந்த வானொலிக் கருவியில் போலீசை அழைத்தும் விட்டான்.

“வைக்கறேன், வைக்கறேன். இதப் போட்டு ஒடைச்சா அக்காவே என்னக் கொன்னுடும். ஒனக்கு வேலையே இருக்காது!”

“அக்காவா?”

“கூடப் பொறந்த அக்காய்யா! மூக்கப் பாரு. ரெண்டும் ஒரே அச்சு. எங்கப்பன் சொத்துன்னு விட்டுட்டுப் போனதே இது ஒண்ணுதான்.”

மூக்கு சான்றாகவில்லை. வீட்டுப் பத்திரம் பதிவுக்காக வழக்கறிஞரிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவருடைய தொலைபேசி மணியடித்துக்கொண்டே இருந்தது. அடையாள அட்டையிலோ பழைய வாடகை வீட்டின் முகவரி. ஃபகுந்தெஸின் செல்பேசியிலிருந்து கட்டுப்பாட்டு அறைப் பெண்ணின் நிதானமான குரல் கேட்டது: “ஓல்கா அம்மா எடுக்கல. அடுத்து யாருக்குச் சொல்லணும்னா, எதிர்வீட்டு டோன் எபெர். கூப்பிட்டுட்டேன், வர்றாரு.”

அதற்குள் யானினா அழைத்துவிட்டாள். “அம்மா, எங்க இருக்கே? எங்களுக்கு முன்னால இன்னும் ஒரே ஒரு ஜோடிதான்மா!”

“வந்துட்டே இருக்கேன் கண்ணு. பாதி வழி வந்துட்டேன்,” என்றாள் சுல்மா, தன் வீட்டு எலுமிச்சை மரத்தடியில் நின்றபடி.

பள்ளி விழாக்களில் மேடையேறிய சின்ன யானினா பாடலை மறந்து வாசற்கதவையே பார்த்துக்கொண்டு நின்றதெல்லாம் சுல்மாவின் மனத்தில் ஓடியது. வேலை முடிந்து அம்மா ஓடி வருவதற்குள் ஒவ்வொரு முறையும் கைதட்டல் அடங்கியிருக்கும். தகப்பன் இல்லாமல் வளர்த்த பெண். இந்த ஒரு நாளாவது, பெயர் சொல்லி அழைக்கும்போது பக்கத்தில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டோன் எபெர் வீட்டுச் செருப்போடு, வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாத்தே என்னும் கசப்பு இலைத் தேநீர் நிறைந்த, உறிஞ்சுகுழல் செருகிய சுரைக்குடுக்கையைக் கையில் ஏந்தி, அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்து வந்தார். மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர். ஆனாலும் சுல்மாவுக்கு அவரைக் கண்டதும் போன உயிர் திரும்பியது.

“ஐயா, நீங்களே சொல்லுங்க. நாங்க யாருன்னு இவருக்குச் சொல்லுங்க!”

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “இந்தம்மாவ எனக்குத் தெரியாது.”

“தெரியாதா?” மில்டன் பாய்ந்தான். “மூணு வாரமா திரைக்குப் பின்னால ஒக்காந்து எங்களையே பாத்துக்கிட்டு இருக்கீரே! எங்க கொடியில எந்தச் சட்ட எப்பக் காயுதுன்னு எங்களவிட ஒமக்குத்தானே நல்லாத் தெரியும்!”

“பாக்கறது வேற, பழகறது வேற. குடி வந்த அன்னிக்கு நானே தேடிப்போய் இந்த மாத்தேய நீட்டினேன். வாங்கினா.” கிழவர் குடுக்கையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “வாங்கி… குழலத் துடைச்சா.”

ஃபகுந்தெஸின் கை வானொலிக் கருவியிலிருந்து தானாக நழுவியது.

“துடைச்சாங்களா?”

“துணியால. முன்னும் பின்னும்.”

“அக்கா!” என்று மில்டன் தலையில் கைவைத்தான். “ஐயையோ,” என்றது செல்பேசியிலிருந்த பெண்ணின் குரல்.

ஒரு குடுக்கை, ஒரு குழல், எத்தனை பேர் கூடினாலும் அதே குழல், அதுதான் மாத்தே. ஒருவர் உறிஞ்சித் தந்த குழலை அவர் கண்ணெதிரே துடைப்பது, உன் வாய் எனக்கு அருவருப்பு என்று முகத்தில் அறைவதற்குச் சமம். பால்குடிப் பருவத்திலிருந்தே மொந்தேவிதேயோவில் வளர்ந்த சுல்மாவுக்கு அது தெரியாதா? முகம் வெளிறிப்போனாள். நினைவில் துழாவிப் பார்த்தாள்: சாமான் இறக்கும் அமளி, நீட்டிய குடுக்கை, கசந்த இளஞ்சூடு. துடைத்தது மட்டும் நினைவில் இல்லை.

“எங்கையி செஞ்ச வேல ஐயா,” என்றாள். “நாள் பூரா கத்தரியையும் இடுக்கியையும் துடைக்கற கை. மனசு பாக்கறதுக்குள்ள அது முடிச்சிருது. நீங்க ஏன் மூஞ்சியத் திருப்பிக்கறீங்கன்னு நானும் தெனம் நெனச்சு மருகிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

கிழவர் கையிலிருந்த குடுக்கையைக் குனிந்து பார்த்தார்.

“ஒண்ணு ஊத்திக் குடுங்க.”

“இப்பவா?”

“இப்பவே.”

கேக்கை ஃபகுந்தெஸின் கைகளில் திணித்தாள். அவன் திகைத்து ஏந்திக்கொண்டான். டோன் எபெர் முறைப்படி முதல் குடுக்கையைத் தாமே உறிஞ்சி முடித்தார். பின் வெந்நீரை மெல்ல ஊற்றி நீட்டினார். தொலைவில் போலீஸ் வண்டியின் ஊளை கேட்டது. சுல்மா இடக்கையால் குடுக்கையை வாங்கினாள். அவளுடைய வலக்கை, அவளைக் கேளாமலே, இடுப்புத் துணியை நோக்கிப் புறப்பட்டது. அந்தக் கையால் எலுமிச்சைக் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, நாக்கு பொசுங்க, அடியில் ‘கர்ர்’ என்று காற்று ஏறும் வரை ஒரே மூச்சாக உறிஞ்சினாள்.

குடுக்கை திரும்பியபோது குழலின் நுனியில் அவளுடைய உதட்டுச் சாயம் சிவப்பாகப் பதிந்திருந்தது. டோன் எபெர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். மறுபடி வெந்நீர் ஊற்றினார்; அந்தச் சிவப்பின்மேலேயே தம் உதட்டை வைத்து உறிஞ்சினார். பிறகு ஃபகுந்தெஸின் சட்டைப் பையிலிருந்து செல்பேசியை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. தம் நண்பரான ஓல்காவின் இறந்துபோன கணவரோடு சேர்ந்து தேர்ந்த சொல்லாக இருக்கலாம். சொல்லி முடித்தபின்னும் அவர் சுவரைவிட்டுத் திரும்பச் சற்று நேரமாயிற்று.

“சரியா இருக்கு,” என்றாள் கட்டுப்பாட்டு அறைப் பெண். “போலீச நான் திருப்பி அனுப்பிடறேன். பொண்ணுக்கு என் வாழ்த்தச் சொல்லுங்கம்மா. அந்தப் பொத்தானத் தயவுசெஞ்சு துடைக்காதீங்க!”

அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். டிவி வேனுக்குள் போயிற்று. கேக் சுல்மாவின் மடிக்கு வந்தது. உதட்டில் மீசையாய் மாவுச்சர்க்கரை ஒட்டிய ஃபகுந்தெஸ் வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

“என் பின்னாலயே வாங்க. நிக்காதீங்க!”

“ஐயா, ஏறும்!” என்றான் மில்டன்.

“இந்தச் செருப்போடயா?”

“கால யாரு பாக்கப்போறா? பொண்ணத்தான் பாப்பாங்க. ஏறும்யா!”

மோட்டார் சைக்கிளின் மஞ்சள் விளக்கு முன்னால் சுழன்றது. மியெலேத்தே ஓடைப் பாலத்தில் வண்டிகள் இருபுறமும் ஒதுங்கின. அக்ராசியாதா சாலையில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஆளும் பேரும் தெரியாமலே ஒலிப்பானை அடித்து வாழ்த்தினார். திருப்பத்துக்குத் திருப்பம் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சுல்மா சிரித்தாள்; மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

பதிவு அலுவலகப் படிகளில், அதற்குமுன் மணம் முடித்துப் போனவர்கள்மேல் தூவிய அரிசியைப் புறாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து யாரோ பெயர்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேல்படியில் வெள்ளை உடுப்பில் ஒருத்தி, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் விளக்குக்குப் பின்னால் அம்மாவின் வேன் கண்ணில் பட்டதும் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பாவாடையை முழங்கால்வரை அள்ளிச் சுருட்டிக்கொண்டு, புறாக்கள் கூட்டமாய்ச் சிறகடித்து மேலெழ, வெறுங்காலோடு படிகளில் தாவித்தாவி இறங்கி வந்தாள்.